கனத்த டெலி லென்ஸ்: கையிலா, மொனோபொட்டிலா, கிம்பலிலா, பயறுப்பையிலா?

600 மி.மீ. லென்ஸ் வாங்கியவர் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் "எந்த ட்ரைபொட் நல்லது?" என்பதுதான். கொழும்பிலிருந்து படமெடுக்கப் போகிறவர் அதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்று உண்டு: லென்ஸ் எங்கே இருக்கப்போகிறது? தலங்கம குளக்கட்டிலா, பெத்தகான, தியசரு பூங்காக்களின் நடைபாதையிலா, வில்பத்து ஜீப்பின் கம்பியிலா, முத்துராஜவெலப் படகிலா, மன்னார்ச் சேற்றுத்தரையிலா? ஒவ்வோர் இடமும் வேறு தாங்கியைக் கேட்கும். எடையை மட்டும் பார்த்து விலையுயர்ந்த ட்ரைபொட்டும் கிம்பலும் (லென்ஸைச் சமன்செய்து இலகுவாகத் திருப்பவிடும் ட்ரைபொட் தலை) வாங்கியவர்கள் பலரிடம் அவை அலுமாரிக்கு மேலேதான் இருக்கின்றன.

கொழும்பு 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. பறவை பார்க்க நகரைவிட்டு வெகுதூரம் போகவேண்டியதில்லை. விடியற்காலை இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம். லீவு கிடைத்தால் யால, வில்பத்து, மன்னார். ஆகவே நம் தேவை இரண்டு துண்டாகப் பிரிகிறது: நகருக்குள் நடை, வெளியூரில் ஜீப். கீழே சொல்லப்படும் ஒப்பீடு முழுக்க இந்தப் பிரிவை வைத்தே போகிறது.

முதலில் தராசு

இன்று புழக்கத்தில் உள்ள நீண்ட லென்ஸ்கள் எடையில் மூன்று கூட்டமாக நிற்கின்றன. ஒன்றரைக் கிலோவை ஒட்டியவை முதற்கூட்டம்: நிக்கொன் இசட் 600 மி.மீ. எஃப் 6.3 (எஃப் எண் குறைந்தால் லென்ஸுக்குள் வெளிச்சம் கூடும்) காலருடன், அதாவது லென்ஸைச் சுற்றித் தாங்கும் வளையத்துடன், 1,470 கிராம், நிக்கொன் 500 மி.மீ. எஃப் 5.6 பி.எஃப். 1,460 கிராம், கெனன் ஆர்.எஃப். 100-500 காலர் இல்லாமல் 1,370 கிராம். இரண்டு கிலோவைச் சுற்றியவை அடுத்தது: டம்ரொன் 150-600 ஜி2 2,010, கெனன் ஆர்.எஃப். 200-800 2,050, சோனி 200-600 காலர் நீங்கலாக 2,115, நிக்கொன் இசட் 180-600 காலருடன் 2,140 கிராம். கடைசிக் கூட்டம் மூன்று கிலோவும் அதற்கு மேலும்: சோனி 600 எஃப் 4 3,040, கெனன் ஆர்.எஃப். 600 எஃப் 4 3,090, நிக்கொன் இசட் 600 எஃப் 4 டி.சி. 3,260 கிராம். பாவித்த லென்ஸ் தேடுபவர்களிடம் வந்துசேரும் பழைய பதிப்புகள் இன்னும் கனம், கெனன் ஈ.எஃப். 600 எஃப் 4 இரண்டாம் பதிப்பு 3,920 கிராம். இவற்றோடு கமராவின் 600 முதல் 1,350 கிராம் வரை கூட்டிக்கொள்ளுங்கள்.

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பழைய 600 எஃப் 4 லென்ஸ்களில் கனமான கண்ணாடிகள் முன்பக்கம் குவிந்திருக்கும். நீட்டிப் பிடித்த இடது கையை அவை கீழே இழுக்கும். கெனன் மூன்றாம் பதிப்பிலும் சோனியிலும் கண்ணாடிகளைப் பின்னோக்கித் தள்ளி அமைத்ததால் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்ததைவிடக் கூடுதலான சுகம் கைக்குக் கிடைக்கிறது. ஸூம் லென்ஸிலும் இதே கணக்குத்தான். டம்ரொன், சிக்மா 150-600 வகைகள் ஸூம் செய்யும்போது முன்னே நீள்கின்றன, பாரமும் முன்னே போகிறது. சோனி 200-600, நிக்கொன் 180-600 ஆகியவை உள்ளுக்குள்ளேயே ஸூம் ஆவதால் சமநிலை ஏறத்தாழ அப்படியே நிற்கும். கிம்பல் வாங்க நினைப்பவர் இதை மனத்தில் வைத்திருக்கவேண்டும்.

வெறுங்கை

முதலிரண்டு கூட்டத்து லென்ஸ்களுக்கு நகரப் பூங்காக்களில் வெறுங்கையே போதும் என்பது எங்கள் முடிவு. பறக்கும் ஆலா, திடீரென்று திரும்பும் செம்பருந்து, தலைக்கு மேலே போகும் நத்தைகுத்தி நாரை ஆகியவற்றைக் கைப்பிடியில் தொடர்வதைப்போல் வேறு எதிலும் தொடர முடியாது.

பிடிப்பில்தான் பலருக்குப் பிழை வருகிறது. இடது உள்ளங்கை லென்ஸின் அடியில், சமநிலைப் புள்ளிக்குச் சற்று முன்னே இருக்கவேண்டும். இடது முழங்கை விலாவோடு ஒட்டட்டும். வலது கை பாரத்தைத் தூக்குவதில்லை. அது கமராவை இயக்க மட்டும். கமராவையும் சேர்த்து வலது கையால் தூக்குபவருக்கு மணிக்கட்டு வலியும் ஷட்டர் அமுக்கும்போது ஓர் ஆட்டமும் வரும். லென்ஸின் காலரில் உள்ள காலை (ட்ரைபொட்டில் பூட்டும் அடிப்பாகத்தை) மேல்நோக்கித் திருப்பிவிட்டால் உள்ளங்கைக்கு இடம் கிடைக்கும், தூக்கிச் செல்லக் கைப்பிடியும் ஆகும். பறவையைத் தொடரும்போது தோளிலிருந்து திரும்பாமல் இடுப்பிலிருந்து திரும்புங்கள். கால் விரல்கள் பறவை வந்து முடியும் திசையை முன்கூட்டியே பார்த்து நிற்கவேண்டும்.

பாரத்தைத் தூக்கியபடியே காத்திருப்பதுதான் கையைக் கெடுப்பது. தசை களைத்தபின் வரும் நடுக்கத்தை லென்ஸின் நடுக்கத் தடுப்பு முழுதாக ஈடுகட்டாது. பறவை நெருங்கும்வரை லென்ஸைக் கீழே வைத்திருந்து, பத்துப் பதினைந்து விநாடிக்கு உயர்த்தி, எடுத்து, இறக்கிவிடவேண்டும். நிலத்தில் அமர முடிந்தால் இரு முழங்கைகளையும் முழங்காலுக்குச் சற்று உள்ளே ஊன்றுங்கள். எலும்பின் மேல் எலும்பு உருளும். தசையில் ஊன்றினால் நிலைக்கும்.

ஷட்டர் வேகம்: அமர்ந்திருக்கும் மீன்கொத்திக்கு நடுக்கத் தடுப்புடன் 1/250 கூடப் போதும். பறப்பவற்றுக்கு 1/2000இலிருந்து 1/3200. நடுக்கத் தடுப்பு உங்கள் கையின் அசைவைத்தான் நிறுத்தும், சிறகின் அசைவை அல்ல. 1/2000இல் எடுத்தும் படம் மங்கினால் தாங்கியைக் குறை சொல்வதற்கு முன் ஃபோகஸையும், வெயில் ஏறியபின் நீர்ப்பரப்பின் மேல் எழும் கானல் அலையையும் பாருங்கள். கானல் இருக்கும்போது எந்த ட்ரைபொட்டும் உதவாது. கிட்டே போவது, அல்லது மறுநாள் விடிய வருவது என்ற இரண்டு வழிதான்.

மூன்று கிலோ லென்ஸை நாள் முழுக்கக் கையில் பிடித்துப் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதையே திட்டமாக வைத்துக்கொள்ளவேண்டாம். தோளிலும் கீழ்முதுகிலும் வரும் நோவு மெல்ல வரும், போக மாதங்கள் எடுக்கும்.

மொனோபொட்

ஒற்றைக்கால் தாங்கியான மொனோபொட் பாரத்தைத் தாங்கும். நடுக்கத்தை முழுதாக நிறுத்தாது. இதைப் புரிந்துகொண்டால் ஏமாற்றமில்லை. மேலும் கீழும் ஆடுவது நிற்கிறது, பக்கவாட்டுச் சுழற்சியும் சரிவும் மிஞ்சுகின்றன. அதனால் நடுக்கத் தடுப்பை நிறுத்தக்கூடாது. பக்கவாட்டில் தொடரும்போது கெனன், சோனி என்றால் இரண்டாம் மோட், நிக்கொன் என்றால் ஸ்போர்ட் மோட்.

உச்சியில் போல் ஹெட் (பந்துபோல் எப்பக்கமும் திரும்பும் தலை) போடாதீர்கள். பூட்டைத் தளர்த்தியதும் லென்ஸ் எந்தப் பக்கமும் சாயும், விரல் நசுங்கும். முன்னும் பின்னும் மட்டும் சாயும் டில்ட் ஹெட் ஒன்றே இதற்குச் சரியானது. அதில் லென்ஸ் நீளவாக்கில் உட்காரும்படி பிளேட்டின் (லென்ஸின் காலை ஹெட்டில் பூட்டும் தகட்டின்) திசையைத் திருப்பி வைக்கவேண்டும். கமராவுக்கென வைத்த திசையிலேயே விட்டால் ஹெட் பக்கவாட்டில் சாயும். நிமிர்ந்து நிற்கும்போது கண் மட்டத்துக்குச் சற்று மேலே வரும் உயரம் தேவை, ஏனெனில் மொனோபொட்டின் அடியைக் கொஞ்சம் முன்னே ஊன்றி அதன்மேல் சாய்ந்துதான் நிற்கவேண்டும். இரு கால்களும் அதுவுமாக ஒரு முக்கோணம்.

பெத்தகானவிலும் தியசருவிலும் நீரின் மேல் போகும் நடைபாதைகள் ஒடுக்கமானவை. நடைப்பயிற்சிக்கு வருவோரும் குழந்தைகளும் அதே வழியில்தான் போகவேண்டும். ட்ரைபொட்டின் மூன்று கால்களை அங்கே விரித்தால் வழி அடைபடும், யாராவது தட்டிவிட்டால் லென்ஸ் நீருக்குள். மொனோபொட் ஓர் அடி இடமும் கேட்பதில்லை. ஆனால் யாராவது நடந்து வரும்போது பாதை அதிரும். அது மொனோபொட்டின் வழியே நேராக லென்ஸுக்கு ஏறும். காலடி கடந்துபோகும்வரை பொறுங்கள், முடியாவிட்டால் மொனோபொட்டைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கிக் கையில் பிடித்தே எடுங்கள். பலகை இடுக்கில் அதன் நுனி விழாமல் அகலமான றப்பர் அடி போட்டுக்கொள்வது நல்லது. வயல் வரம்பிலும் குளக்கரையிலும் நுனி புதையும். உள்ளங்கையளவு ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றைப் பையில் வைத்திருந்தால் போதும்.

மூன்று கிலோ லென்ஸுடன் நடந்து திரிய விரும்புபவருக்கு இதுவே முதல் தெரிவு. பெத்தகானவும் தியசருவும் பாராளுமன்றச் சூழலை ஒட்டியவை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நீண்ட லென்ஸும் மூன்று காலும் கண்ணில் பட்டால் காவலர் வந்து விசாரிப்பது இயல்பு. வாசலிலேயே கேட்டுவிட்டு உள்ளே போனால் காலை வெளிச்சம் வீணாகாது.

ட்ரைபொட்டும் கிம்பலும்

ஓரிடத்தில் இருந்து நெடுநேரம் காத்திருப்பதற்கு இதற்கு நிகரில்லை. தலங்கமவில் இலைக்கோழி குஞ்சுகளோடு வெளியே வரும்வரை, மறைவிடத்துக்கு முன்னே மீன்கொத்தி தன் வழக்கமான கொம்புக்குத் திரும்பும்வரை லென்ஸ் கண்ணுக்கு நேரே தயாராக நிற்கும், கை களைப்பதில்லை. மூன்று கிலோ லென்ஸ் வைத்திருந்து, காத்திருக்கும் பொறுமையும் உள்ளவர் வாங்கலாம்.

ஆனால் செலவும் சுமையும் சேர்ந்தே வருகின்றன. விம்பர்லி டபிள்யூ.எச். 200 போன்ற முழு கிம்பல் தனியே 1.4 கிலோவுக்கு மேல். அதைத் தாங்கத் தகுந்த காபன் ட்ரைபொட் ஏறத்தாழ 2 கிலோ. லென்ஸின் எடையளவு இன்னொரு எடையைத் தூக்குகிறோம். இங்கே காசு மிச்சம் பிடிக்க மெல்லிய ட்ரைபொட் வாங்குவதுதான் மிகப் பொதுவான பிழை. மேற்குழாய் 32 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். நடுத்தண்டு வேண்டாம், அதை உயர்த்திய கணமே மூன்று கால் ட்ரைபொட் ஒற்றைக் கால் மொனோபொட்டாகிவிடும்.

கிம்பலைச் சமன்செய்யும் வேலை பத்து நிமிடம் எடுக்கும், ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் பிறகு அடையாளம் பார்த்து வைத்துவிடலாம். முதலில் ட்ரைபொட்டின் மேற்தளத்தை நீர்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தளம் சரிந்திருந்தால் லென்ஸைத் திருப்பும்போது அடிவானமும் சரிந்துகொண்டே போகும். ஒரு காலை பறவை இருக்கும் திசைக்கு நீட்டிவைத்தால் உங்கள் கால்களுக்கு மற்ற இரண்டுக்கும் இடையே இடம் கிடைக்கும். லென்ஸைப் பூட்டியபின், ஒரு கையால் பிடித்தபடி டில்ட் பூட்டை மெல்லத் தளர்த்துங்கள். முன்மூக்கு இறங்கினால் பிளேட்டைப் பின்னோக்கி நகர்த்தவேண்டும், கமரா இறங்கினால் முன்னோக்கி. அடுத்தது உயரம். லென்ஸ் உட்காரும் தொட்டிலை ஏற்றியிறக்கி, லென்ஸ் குழாயின் நடு அச்சு கிம்பல் சுழலும் அச்சுக்கு நேரே வரும்படி வையுங்கள். லென்ஸ் அந்த அச்சுக்கு மேலே இருந்தால் சற்றுச் சாய்த்ததும் தானே விழப் பார்க்கும், கீழே இருந்தால் தானே நிமிர்ந்துவிடும். சரியாக அமைந்தால் எந்தச் சாய்வில் விட்டாலும் அங்கேயே நிற்கும். பிளேட்டில் அந்த இடத்தைப் பெயின்ற் பேனாவால் குறித்துவிடுங்கள்.

லென்ஸின் நீளத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகொன்வேர்ட்டர் போட்டால், லென்ஸின் முன்னுள்ள வெயில்மறைப்பான ஹூட்டைக் கழற்றினால், வேறு கமரா மாட்டினால் இந்தச் சமநிலை மாறும். முன்னே நீளும் ஸூம் என்றால் ஒவ்வொரு ஸூமுக்கும் மாறும். அதனால்தான் டம்ரொன், சிக்மா 150-600 வைத்திருப்பவருக்கு முழு கிம்பலை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

மன்னாரில் கடற்காற்று பலமாக அடிக்கும்போது பெரிய ஹூட் காற்றை வாங்கிக்கொள்ளும். ட்ரைபொட்டைப் பதித்து, கால்களை அகல விரித்து, பையைத் தரையில் பட்டும் படாமலும் தொங்கவிடுங்கள். அந்தரத்தில் தொங்கினால் அதுவே ஊஞ்சலாடி அதிர்வைத் தரும். உப்புநீரில் நின்ற கால்களை அன்றிரவே நன்னீரால் கழுவி, முறுக்குப் பூட்டுகளைக் கழற்றித் துடைத்து உலரவிடவேண்டும். விட்டுவிட்டால் புரிகளில் உப்பு படிந்து அடுத்த பயணத்தில் கால் திறக்காது.

படகில் ட்ரைபொட் வேண்டவே வேண்டாம். எஞ்ஜின் அதிர்வு மூன்று கால்களாலும் ஏறும். முத்துராஜவெலவில் கையில் பிடித்து, உடம்பாலேயே படகின் ஆட்டத்தை வாங்கிக்கொள்வதுதான் வழி.

பயறுப்பை

யாலவிலும் வில்பத்துவிலும் வாகனத்தை விட்டு இறங்க அனுமதியில்லை. அங்கே மற்ற எல்லாக் கருவிகளையும், பயறு நிரப்பிய துணிப்பையான பயறுப்பை வெல்கிறது, விலையோ மிகக் குறைவு. ஜீப்புகளில் இருக்கைகள் உயர்ந்தும் பக்கம் திறந்தும் இருக்கும். லென்ஸ் வைக்கக் கிடைப்பது இரும்புக் குழாய்க் கம்பி. ஆகவே தட்டையான பை உருண்டு விழும். நடுவில் இணைந்த இரட்டைப் பை வேண்டும்: இரு பக்கமும் தொங்கி, நடுப்பாகம் கம்பியின் மேல் உட்காரும். தடித்த கன்வஸ் துணி கொடுத்தால் பை தைக்கும் எந்தத் தையற்காரரும் தைத்துத் தருவார். ஒவ்வொரு பக்கமும் 30 செ.மீ.க்கு 20 செ.மீ., நிரப்ப ஸிப், கம்பியில் கட்ட இரண்டு வார். உள்ளே மெல்லிய துணியில் இன்னொரு பை இருந்தால் மணி கசியாது.

நிரப்புவதற்குப் பயறு, கௌப்பி, அரிசி மூன்றும் நல்லவை. ஒரு லீற்றர் ஏறத்தாழ 800 கிராம் நிற்கும்; நாலு லீற்றர் போட்டால் மூன்று கிலோவுக்குச் சற்று மேலே. நெல்லின் கூர்நுனி துணியைக் குத்தித் துளைக்கும். மணல் மிகக் கனம், அதன் தூசி கமராவுக்குப் பகை. உமி பாரம் போதாது. கொழும்பின் ஈரப்பதத்தில் தானியத்தைப் பையோடு வைத்திருந்தால் வண்டு வரும், மழையில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெறும் பையை எடுத்துச் சென்று திஸ்ஸமஹாராமவிலோ புத்தளத்திலோ கடையில் நிரப்பி, திரும்பும்போது பயறை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். காட்டுக்குள் ஒரு மணியும் சிந்தக்கூடாது. குரங்குக்கும் பன்றிக்கும் அது பழக்கமாகும்.

முக்கால் பங்குதான் நிரப்பவேண்டும். முட்ட நிரப்பினால் லென்ஸ் அதன்மேல் உருளும், குறைவாக நிரப்பினால் கம்பியில் இடிக்கும். கையால் நடுவில் ஒரு பள்ளம் அமுக்கி, லென்ஸின் காலை மேலே திருப்பி, குழாயை அந்தப் பள்ளத்தில் இருத்துங்கள். இடது உள்ளங்கையை லென்ஸின் மேல் வைத்து மெல்ல அழுத்தினால் மிச்ச நடுக்கமும் அடங்கும். ஃபோகஸ் வளையமோ ஸூம் வளையமோ பையில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளவும். அழுந்தினால் ஓட்டோ ஃபோகஸ் தடுமாறுவதுபோல் தோன்றும்.

இவ்வளவும் செய்து எஞ்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் பயனில்லை. சிறுத்தையைக் கண்டதும் நிறுத்தச் சொல்வதைவிட, வாசலிலேயே சாரதியிடம் பேசிக்கொள்வது நல்லது: நின்றதும் எஞ்ஜினை அணைக்கவேண்டும், படம் எடுக்கும்போது யாரும் எழுந்து நகரக்கூடாது. ஜீப்பின் ஸ்பிரிங் மேல் ஒருவர் எடை மாறினாலே 600 மி.மீ. சட்டகத்திலிருந்து விலங்கின் தலை வெளியே போய்விடும். எஞ்ஜினை அணைக்க முடியாத நெரிசலில் பையிலிருந்து லென்ஸைத் தூக்கிக் கையில் பிடியுங்கள், அல்லது மொனோபொட்டின் நுனியை இருக்கை மெத்தையில் ஊன்றுங்கள். தரைத்தகட்டில் ஊன்றினால் அதிர்வு முழுதும் மேலே வரும்.

நிலத்தோடு ஒட்டி, உள்ளான்களின் கண்மட்டத்தில் எடுக்க விரும்புபவருக்கு இன்னொரு மலிவான வழி உண்டு. தட்டை அடியுள்ள அலுமினியத் தாச்சியின் நடுவே துளையிட்டு எட்டில் மூன்று அங்குல போல்ட் ஒன்றால் கிம்பலையோ டில்ட் ஹெட்டையோ பூட்டினால் சேற்றிலும் மணலிலும் தள்ளிக்கொண்டே போகலாம். 2010இல் ராம்சார் தளமான வங்காலைச் சரணாலயத்தின் சேற்றுவெளி போன்ற இடங்களுக்கே இது. தள்ளுவது மெல்ல இருக்கட்டும். பறவை தலையை நிமிர்த்திப் பார்த்தால் அத்தோடு நிற்கவேண்டும்.

எதை முதலில் வாங்குவது

இரண்டு கிலோ வரையான லென்ஸ் வைத்திருப்பவர் பயறுப்பையைத் தைப்பித்துக்கொண்டு, மற்றக் காசைப் பயணத்துக்குச் செலவழிக்கலாம். தோளில் குறையோ வயதோ இருந்தால் மொனோபொட்டும் டில்ட் ஹெட்டும். மூன்று கிலோ லென்ஸுக்கு முதலில் மொனோபொட், பயறுப்பை இரண்டும். ஒரு பருவம் முழுக்கப் பாவித்தபின் ஓரிடத்தில் காத்திருக்கும் படங்களே கூடுதலாகத் தேவைப்படுகின்றன என்று தெரிந்தால் கிம்பல். இன்னும் லென்ஸே வாங்காதவர், முழு கிம்பல் தொகுதியின் விலையையும் மூன்று கிலோ லென்ஸின் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றரைக் கிலோ லென்ஸை யோசிக்கவேண்டும். எஃப் 4க்கும் எஃப் 6.3க்கும் வெளிச்சத்தில் ஒன்றேகால் ஸ்டொப்புக்கு மேல் வித்தியாசம் உண்டு (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). சிங்கராஜ போன்ற இருண்ட காட்டில் அது உறைக்கும், திறந்த குளத்தில் காலை ஏழு மணிக்குப் பிறகு அவ்வளவாக உறைக்காது.

எதைத் தெரிவுசெய்தாலும் லென்ஸின் கால் ஒழுங்காக இருக்கவேண்டும். டம்ரொன் ஜி2இன் காலே, ஹெட்டின் கிளாம்பில் நேரே பூட்டக்கூடிய ஆர்க்கா-சுவிஸ் வெட்டோடு வருகிறது. சோனி 200-600, நிக்கொன் 180-600 ஆகியவற்றுக்குத் தனிப் பிளேட் போடவேண்டும், அல்லது காலையே மாற்றவேண்டும். பிளேட்டை இரண்டு ஸ்குருவால் பூட்டுங்கள். ஒன்றே என்றால் கனத்தில் முறுகித் தளரும். பிளேட்டின் இரு நுனியிலும் சிறு தடுப்பு ஸ்குரு இருக்கட்டும். கிளாம்ப் தளர்ந்தாலும் லென்ஸ் வழுக்கி வெளியே வராது. வெவ்வேறு கம்பனிப் பிளேட்டுகளைக் கலந்து பாவிப்பவர் நெம்புகோல் கிளாம்பைவிடத் திருகும் கிளாம்பை வாங்கட்டும். பிளேட்டின் அகலத்தில் நூலளவு குறைந்தாலும் நெம்புகோல் பூட்டியதுபோலத் தோன்றும், பிடித்திருக்காது.

தோள்வாரை கமராவில் மாட்டாமல் லென்ஸின் காலரில் உள்ள வளையங்களில் மாட்டவேண்டும். கமராவில் தொங்கினால் முழுப் பாரமும் மவுண்ட் வளையத்தை இழுக்கும். லென்ஸ் காலின் அடியில் 1/4 அங்குல ஸ்குரு ஒன்றில் மட்டும் தொங்கும் ஸ்லிங் வார் நடையில் தானாகக் கழன்றுவிடும் அபாயம் உள்ளது. அதை விரும்புபவர் காலரையும் வாரையும் இணைத்து இன்னொரு கயிறு கட்டிக்கொள்ளவேண்டும். ட்ரைபொட்டில் பூட்டிய லென்ஸைத் தோளில் சாய்த்து நடப்பதானால் ஒரு கை எப்போதும் லென்ஸின் காலில் இருக்கட்டும். ஓட்டோவிலும் பஸ்ஸிலும் போகும்போது லென்ஸைக் கழற்றிப் பைக்குள் படுக்கவைத்து, பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. அறையிலிருந்தோ வாகனத்திலிருந்தோ இறங்கியதும் பையைத் திறக்கவேண்டாம்; அரை மணி நேரம் மூடியே இருந்தால் கண்ணாடியில் நீர் படியாது.